கடைசி வரிசைக்காக எழுதியவர்

கும்பகோணத்தில் எங்கள் வாசகர் வட்டத்துக்குப் புதிதாக வந்த கல்லூரி மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி கேட்டார். “கல்கி என்றால் எனக்குப் பொன்னியின் செல்வன்தான் தெரியும். அவர் பெரிய விமர்சகராகவும் இருந்தார் என்கிறார்கள். அந்த வேலை அவருடைய சரித்திரக் கதைக்கு உதவியதா, இல்லை கெடுத்ததா சார்?” கூட்டம் முடிகிற நேரம், கொண்டுவந்து வைத்த காபி ஆறிக்கொண்டிருந்தது. எழுதித் தருகிறேன் தம்பி என்று சொல்லித் தப்பித்தேன். நான்கு வரியில் முடியும் என்று நினைத்தது நீண்டுவிட்டது.

முதலில் என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவிடைமருதூரில் இருந்தார். கல்கி பத்திரிகையில் வந்த தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் கிழித்தெடுத்து, கோந்து ஒட்டி, பழுப்பு அட்டை போட்டு பைண்டு பண்ணி வைத்திருந்தார். நான் பொன்னியின் செல்வனைப் படித்தது அந்தப் பைண்டில்தான். கிழித்த பக்கம் என்பதால் கதை முடிகிற தாளின் பின்பக்கத்தில் வேறு ஏதாவது பாதியாக நிற்கும். ஒரு தைல விளம்பரம், ஒரு தலையங்கத்தின் வால், ஒரு கச்சேரியைப் பற்றிய நாலு வரி. பாடகர் பல்லவியை எடுத்தார் என்பதோடு அறுந்துவிடும். நந்தினி என்ன ஆனாள் என்ற தவிப்போடு அந்தக் கச்சேரி என்ன ஆயிற்று என்ற தவிப்பும் சேர்ந்துகொள்ளும். தாளின் ஒரு பக்கம் நாவல், மறுபக்கம் கச்சேரி. கல்கியின் தொழில் வாழ்க்கையே ஏறக்குறைய அந்தத் தாள்தான் என்று பிற்பாடு புரிந்தது.

ஆள் நம்ம பக்கத்துக்காரர். மணல்மேட்டுக்கு அருகே புத்தமங்கலத்தில் 1899 செப்டம்பர் 9-ல் பிறந்தார். அப்பா கிராமக் கணக்குப்பிள்ளை. மாயவரத்தில் படித்து, திருச்சியில் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பை விட்டார். அடுத்த ஆண்டு சிறை. 1923-ல் திரு.வி.க.வின் நவசக்தியில் துணை ஆசிரியர். பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு மதுவிலக்குப் பத்திரிகை. முப்பதுகளின் தொடக்கத்தில் எஸ்.எஸ்.வாசனின் ஆனந்த விகடன். 1941-ல் நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து சொந்தப் பத்திரிகை. அதற்கு முதல் கொடுத்தது எம்.எஸ். சுப்புலட்சுமி சாவித்திரி படத்தில் நாரதராக நடித்து வாங்கிய சம்பளம். 1954 டிசம்பர் 5-ல் காலமானபோது வயது 55. இதெல்லாம் எந்தப் புத்தகத்தின் பின்னட்டையிலும் கிடைக்கும். நாம் பார்க்க வேண்டியது விகடன் காலம்.

விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் அவர் ‘ஆடல் பாடல்’ பகுதியை எழுதினார். பழைய பஞ்சாங்கம் என்று ஒருவரைக் கேலி பண்ணவும் சொல்கிற வார்த்தை அது. சங்கீதத்தின் பெயரும் அதுவே. அந்த இரட்டைச் சிரிப்போடுதான் வேலையைத் தொடங்கினார். அதற்கு முன்பு சங்கீதம் பற்றிய பேச்சு இரண்டு விதமாக இருந்தது. ஒன்று, அரியக்குடியா செம்பையா என்று திண்ணையில் நடக்கும் வாய்ச்சண்டை. இன்னொன்று, வித்வான்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் லட்சண விவகாரம். கர்நாடகம் இரண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். டிக்கெட் வாங்கிக்கொண்டு கடைசி வரிசையில் உட்காரும் ஆள், ராகத்தின் பெயர் தெரியாத ஆள், ஆனால் காது உள்ள ஆள். அவனுக்காகப் பேசினார். வித்வான் ஸ்வரத்தைப் போட்டுக் கசக்கினால், பாட்டின் வார்த்தையை மென்று தின்றால், தனி ஆவர்த்தனம் என்ற மிருதங்கக்காரரின் தனி வாசிப்பு எல்லை மீறினால், பெரிய பெயர் என்று பார்க்கமாட்டார். ஆனால் அடித்த இடத்தில் சிரிப்பும் இருக்கும். அடிபட்டவர்கள்கூட அடுத்த வாரம் விகடனை வாங்கியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தக் காது எங்கிருந்து வந்தது என்று யாரும் ரொம்ப ஆராய வேண்டாம். அவர் வளர்ந்த காலத்து மாயவரம் தாலுகாவை நினைத்துப் பாருங்கள். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திரம் ஊர் ஊராகக் கதாகாலட்சேபமாக நடந்த பூமி. சீர்காழியில் முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர். கோயிலுக்குக் கோயில் நாகஸ்வரம். பாகவதர் கதை சொல்லும்போது எங்கே நிறுத்தினால் கூட்டம் மூச்சைப் பிடிக்கும், எங்கே ஒரு உபகதையைச் செருகினால் தூங்குகிறவன் எழுந்திருப்பான் என்று பையனாக உட்கார்ந்தே கற்றுக்கொள்ளலாம். நாவலில் அவர் செய்ததும் அதையேதான்.

நாற்பதுகளின் தமிழிசைக் கிளர்ச்சியில் அவர் எடுத்த கட்சியும் இதே இடத்திலிருந்து வந்தது. 1941-ல் அண்ணாமலை நகரில் மாநாடு, 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம். அப்போதெல்லாம் தமிழ்ப் பாட்டு என்றால் கச்சேரி முடிகிற நேரத்தில் துக்கடா. மேடைக்குக் கீழே இருப்பவனுக்குப் புரிகிற மொழியில் நடுக்கச்சேரியிலேயே பாடுங்கள் என்று கல்கி எழுதிக்கொண்டே இருந்தார். திருவையாற்றுத் தியாகராஜரின் தெலுங்கு கீர்த்தனைகளைக் கேட்டு உருகுகிற காவேரிக் கரைக்காரர் இதைச் சொன்னது பலருக்குப் பொறுக்கவில்லை. தியாகராஜர் மேல் அவருக்கு விரோதம் எதுவும் இல்லை. கடைசி வரிசைக்காரன் என்ன பாவம் செய்தான் என்பதுதான் அவருடைய வழக்கு.

சரி, இதற்கும் சரித்திர நாவலுக்கும் என்ன?

சிவகாமியின் சபதம் வெளிவந்தது 1944 முதல் 1946 வரை. தமிழிசைச் சண்டை சூடாக இருந்த அதே நாட்கள். கதை எப்படித் தொடங்குகிறது? காஞ்சியில் சிவகாமியின் அரங்கேற்றம். ஆட்டம் உச்சத்துக்கு வருகிற நேரத்தில் யுத்தச் செய்தி வந்து அரங்கேற்றம் பாதியில் நிற்கிறது. எப்படி முடிகிறது? சிவகாமி ஆடுகிறாள், பாட்டு அப்பர் தேவாரம், “முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்.” அது திருவாரூர்ப் பதிகம். பல்லவ ராஜ்யத்தின் கதையைக் காஞ்சிக் கோயிலில் முடிக்கிறவர், “பின்னை அவனுடைய ஆரூர் கேட்டாள்” என்று நம் டெல்டாவின் ஊர்ப் பெயர் வரும் பாட்டை அங்கே வைக்கிறார். தமிழ்ப் பாட்டில் அபிநயத்துக்கு இடம் இருக்கிறதா என்று சபாக்களில் இழுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, கட்டுரையில் சொன்ன பதிலைவிட இது பலமான பதில். ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதையும் அந்த ஒரு பாட்டுக்குள் இறக்கிவிட்டார். கடைசி வரியில் அவள் தலைவனின் தாளைச் சேர்கிறாள், அவளைக் காதலித்த பல்லவ மன்னன் மாமல்லன் வாசகனோடு சேர்ந்து வெறும் பார்வையாளனாக நிற்கிறான். முப்பதுகளில் சதிர் என்று ஒதுக்கப்பட்ட ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரோடு சபா ஏறியபோது பக்கத்திலிருந்து பார்த்து எழுதியவர் இல்லாவிட்டால் இந்தக் காட்சி வந்திருக்காது. ஆட்டம் தெரியாத எழுத்தாளர் ‘மயில்போல ஆடினாள்’ என்று எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போயிருப்பார்.

பொன்னியின் செல்வனிலும் பாருங்கள். கடம்பூர் மாளிகையில் நடுராத்திரிச் சதி நடப்பதற்கு முன்னால் என்ன நடக்கிறது? குரவைக் கூத்து, அதன்பின் வேலனாட்டம். தேவராளன் வெறியேறி ஆடி, ராஜ வம்சத்து இரத்தம் பலி கேட்கிறான். ஊர் சும்மா வேடிக்கை பார்க்கிறது. அந்த ஆட்டக்காரனே சதிகாரர்களில் ஒருவன் என்பது பின்னால்தான் தெரியும். மேடையில் நடப்பதை நாம் கலை என்று ரசித்துக்கொண்டிருக்கும்போதே கதையின் விஷத்தை அதற்குள் கலந்துவிட்டார். பல முறை படித்தவர்களும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அத்தியாயங்களின் ஓட்டமும் கச்சேரிக்காரருடையது. கனமாக ஒன்று பாடினால் அடுத்து இலேசாக ஒன்று. சதியாலோசனை முடிந்ததும் ஆழ்வார்க்கடியான் தடியைச் சுழற்றிக்கொண்டு வந்து சைவரோடு வம்பு பண்ணுவான். பழுவேட்டரையரின் சோகம் நெஞ்சை அடைக்கும்போது வந்தியத்தேவன் எதையாவது உளறுவான். 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை, மூன்றரை வருஷம் வாராவாரம் கூட்டத்தை உட்கார வைப்பது விளையாட்டா? எந்த இடத்தில் ஜனங்கள் எழுந்து காபிக்குப் போவார்கள் என்று இருபது வருஷம் கவனித்த ஆளுக்குத்தான் அது வரும்.

ஆனால் விமர்சகர் என்ற பெயருக்கு இன்னொரு பொருளும் உண்டு, இலக்கிய விமர்சகர். அங்கே எனக்குக் கல்கி மேல் அத்தனை நம்பிக்கை இல்லை. முப்பதுகளில் பாரதி மகாகவியா என்று ஒரு சண்டை வந்தது. எழுத்தாளர் வ.ரா. அவரை உலக மகாகவிகள் வரிசையில் வைத்துப் பேச, கல்கி மறுத்தார். பாரதி நல்ல கவி, தேசிய கவி, ஆனால் மகாகவி என்று சொல்வதற்கில்லை என்ற கட்சி. இதற்குப் பதிலாகத்தான் கு.ப.ராஜகோபாலனும் சிட்டியும் சேர்ந்து ‘கண்ணன் என் கவி’யை எழுதினார்கள். வ.ரா. திருவையாற்றுப் பக்கம் திங்களூர். கு.ப.ரா. நம்ம கும்பகோணம். கல்கி மாயவரம். ஆக எட்டயபுரத்துக் கவிஞரின் உயரத்தை அளக்கக் காவேரித் தண்ணீர் குடித்த மூன்று பேர் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள்! யார் ஜெயித்தார்கள் என்பது இன்றைக்குத் தெருவில் போகிற பிள்ளைக்கும் தெரியும்.

இங்கே அவர் சறுக்கியதற்குக் காரணம், கச்சேரிக்குப் பயன்பட்ட அளவுகோலையே கவிதைக்கும் கொண்டுவந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டவுடன் இனிக்கிறதா, எல்லோரையும் சேர்கிறதா என்ற கேள்வி மேடைக்கலைக்கு முக்கால்வாசிப் பதிலைத் தரும். கவிதைக்கு அது கால்வாசிகூடத் தராது. இதே காரணத்தால்தான் மணிக்கொடி என்ற இலக்கியப் பத்திரிகையைச் சுற்றியிருந்த எழுத்தாளர்களின் சோதனைகள் அவருக்குப் பிடிபடவில்லை, அவர்களுக்கு அவரைக் கண்டால் ஆகவில்லை. புதுமைப்பித்தன் ‘ரசமட்டம்’ என்ற பெயரில் கல்கியின் கதைகள் தழுவல்கள் என்று போட்டுத் தாக்கியது இந்தப் பகையின் உச்சம். கல்கியும் சும்மா இருக்கவில்லை, பதிலுக்குப் பதில் எழுதினார். பொழுதுபோக்குத்தானே இது, இலக்கியமா என்று அன்றைக்குக் கேட்ட கேள்வியை வலங்கைமான்காரரான க.நா.சு. பிற்காலத்திலும் விடவில்லை.

பாரதி விஷயத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் அநியாயம். எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப வாசகர்களிடம் பத்திரிகை மூலம் காசு திரட்டி முன்னின்று முடித்தவர் அதே கல்கி. 1947-ல் அது திறக்கப்பட்டது. வாதத்தில் விட்டதை செங்கல்லில் கட்டிக்கொடுத்துவிட்டார் என்று எங்கள் தமிழாசிரியர் கேலியாகச் சொல்வார். எனக்கு அது கேலியாகத் தெரியவில்லை.

தன்னைப் பற்றிய மதிப்பீட்டிலும் இந்த விமர்சகர் வாசகர்களோடு ஒத்துப்போகவில்லை. தன் நாவல்களில் நிலைத்து நிற்கும் தகுதி உடையது அலை ஓசை என்று அவர் நினைத்தார். சுதந்திரப் போராட்ட காலத்தின் கதை அது. இறந்த பிறகு 1956-ல் சாகித்திய அகாதெமி பரிசும் அதற்கே வந்தது. கும்பகோணத்துப் புத்தகக் கடையில் போய் அலை ஓசை கேளுங்கள், உள்ளே போய்த் தேடிக்கொண்டு வருவார்கள். பொன்னியின் செல்வன் வாசலிலேயே அடுக்கியிருக்கும்.

இனி சரித்திரத்தை அவர் கையாண்ட விதம். விமர்சகனின் மூளை நன்றாக வேலை செய்தது இங்கேதான் என்பேன். அவருக்குக் கைகொடுத்தவை நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறும் சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரமும். பண்டாரத்தார் நமக்குப் பக்கத்தில் திருப்புறம்பியத்தில் பிறந்து, கும்பகோணம் பாணாதுறைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கங்க மன்னன் பிருதிவீபதி போரிட்டு மாண்ட அந்தத் திருப்புறம்பியத்துப் பள்ளிப்படையை, அதாவது இறந்தவர் நினைவாக எழுப்பிய கோயிலைத்தான், ரவிதாசன் கூட்டம் இரவில் கூடிச் சபதம் போடும் இடமாகக் கல்கி வைத்தார். சோழர் எழுச்சிக்கு வழிவிட்ட போர்க்களத்திலேயே சோழ குலத்தை அழிக்கச் சதி. ஊரைத் தெரிந்தவனுக்கு இதன் ருசியே தனி.

காட்டுமன்னார்கோவிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு, ஏறக்குறைய 987. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனை (ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனை) கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய சகோதரர்களின் பெயரைச் சொல்லி, அவர்கள் உறவினர்களின் நிலங்களைப் பறிமுதல் செய்த விவரம் தருகிறது. ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த இடைவெளிதான் நாவல். நந்தினி, ஆழ்வார்க்கடியான், பூங்குழலி எல்லாம் அதை நிரப்ப வந்த கற்பனைகள். ஆனால் கொலை நடக்கும் நேரத்தில் விளக்கை அணைத்துவிடுகிறார். கத்தி யார் கையிலிருந்தது என்பதை ஐந்து பாகம் முடிந்தும் உறுதியாகச் சொல்வதில்லை. ஜனரஞ்சக எழுத்தாளன் என்று திட்டுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஜனங்களுக்குப் பிடிப்பதை மட்டும் எழுதுகிறவராக இருந்தால் ஒருவனைக் கைகாட்டிவிட்டுப் போயிருப்பார். கல்வெட்டு சொல்லாததை அடித்துச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

அதே நேர்மை எல்லா இடத்திலும் இல்லை. பின்னாளில் ராஜராஜன் ஆன அருள்மொழிவர்மர் அரசை விட்டுக்கொடுத்தார் என்பதற்குத் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் ஆதாரம் உண்டு. சிறிய தந்தை உத்தம சோழன் ஆள விரும்பும்வரை தனக்கு வேண்டாம் என்றார் என்கிறது செப்பேடு. சரி. ஆனால் அந்த உத்தம சோழனை ஆள்மாறாட்டம் பண்ணி, பூக்கட்டும் சேந்தன் அமுதன்தான் நிஜ வாரிசு என்று முடித்தது கதைக்கு வசதி, சரித்திரத்துக்கு வம்பு. கண்டராதித்தர், செம்பியன் மாதேவி போன்ற பக்தர்களின் பிள்ளை பதவிக்குப் பேராசைப்பட்டான் என்றால் கடைசி வரிசைக்காரன் முகம் சுளிப்பான் என்று பார்த்திருக்கிறார். கர்நாடகம் கெடுத்த இடம் என்று நீங்கள் கேட்டீர்கள் அல்லவா தம்பி, நான் காட்டக்கூடியது இதுதான். யாரும் வருந்தி வீட்டுக்குப் போகக்கூடாது என்று கச்சேரியின் முடிவில் மங்களம் பாடுகிற பழக்கம். ராஜ்யத்துக்காகக் கொலை விழுந்த வீட்டில் இத்தனை நல்லவர்கள் இருந்திருக்க முடியுமா என்ற சந்தேகத்தை அந்த மங்களம் அமுக்கிவிடுகிறது.

ஆற்றைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் இந்த ஊர்க்காரன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்யதை இல்லை. விகடனில் 1937-ல் வந்த கள்வனின் காதலியிலேயே கொள்ளிடத்துப் படுகை ஒரு பாத்திரம். நாணலும் காடும் மூடிய அந்தப் படுகையில்தான் முத்தையன் ஒளிந்திருப்பான். தியாக பூமி நம் ஜில்லாவின் நெடுங்கரையில் தொடங்குகிறது. பார்த்திபன் கனவு உறையூருக்குப் பக்கத்தில் காவேரியின் தோணித்துறையில் தொடங்குகிறது. பொன்னியின் செல்வன் ஆடிப் பதினெட்டில், வீர நாராயண ஏரிக்கரையில். தென்னங்குருத்துச் சப்பரம் இழுத்து வரும் பிள்ளைகள், சித்ரான்ன மூட்டை, வடவாற்றில் நுங்கும் நுரையுமாய் வந்து ஏரியில் விழும் புதுவெள்ளம். குதிரை மேல் ஓர் அந்நிய வாலிபன் வருவதற்கு முன்பே நாம் அங்கே போய் நின்றுவிடுகிறோம். அந்த ஏரித் தண்ணீரைத்தான் இன்று சென்னை குடிக்கிறது, அது தனிக்கதை.

அத்தை பைண்டில் நடுவே ஒரு வாரம் இல்லை. தபாலில் தொலைந்ததா, பக்கத்து வீட்டுக்குப் போய்த் திரும்பவில்லையா, தெரியாது. நான் அந்த இடத்துக்கு வந்ததும் அடுப்படியிலிருந்தே அவர் சொல்லிவிடுவார், யார் எந்தச் சுரங்கத்தில் போனான், யார் யாரைப் பார்த்து என்ன சொன்னாள் என்று. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை படித்தது. பிற்பாடு முழுப் புத்தகம் வாங்கி அந்த அத்தியாயத்தை ஒத்துப்பார்த்தேன். இரண்டு இடத்தில் அத்தை மாற்றியிருந்தார். ஒன்றில் அவர் சொன்னதுதான் நன்றாக இருந்தது.